பாடியவர் வீட்டில் பிழைத்த பாட்டு: தருமபுரி சுப்பராயரின் ஜாவளிகள்

1960ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமி, ஜாவளி என்னும் காதல் பாட்டுகளை ஸ்வரக் குறிப்போடு ஒரு நூலாக வெளியிட்டது. பாடங்களைத் தந்தவர் டி. பிருந்தா. பட்டணம் சுப்பிரமணிய ஐயர், பட்டாபிராமய்யா, தருமபுரி சுப்பராயர், திருப்பதி நாராயணசாமி ஆகிய நால்வரின் பெயர் தலைப்பிலேயே இருந்தது. மற்றவர்கள் ‘முதலியோர்’ ஆனார்கள். கர்நாடக சங்கீதத்தின் வரலாறு என்றால் காவிரிக் கரையைத்தான் சொல்வோம். அதை விட்டால் எட்டயபுரம், மைசூர், திருவனந்தபுரம் என்று அரண்மனை இருந்த ஊர்கள். மானாவாரி மேட்டு நிலமான தருமபுரியை அந்த வரிசையில் யாரும் தேடுவதில்லை. ஆனாலும் ஜாவளி என்ற பேச்சை எடுத்தால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லாமல் முடியாது.

சுப்பராயர் வீணை தனம்மாளின் காலத்தவர். தனம்மாள் 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். சுப்பராயர் பாட்டுக் கட்டியது தெலுங்கில். பாட்டுக்குள் வைத்த முத்திரை சொந்த ஊரின் பெயரை ஒட்டியது. இசை நூல்கள் அவர் வாழ்க்கைக்கு ஒதுக்குவது சில வரிகள்தான். அந்த வரிகளில் தவறாமல் இடம்பிடிக்கும் கதை, பரஸ் ராகத்தில் உள்ள ‘ஸ்மர சுந்தராங்குனி’ ஜாவளி தனம்மாளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்பது. பாட்டைப் பார்த்தால் அது ஒரு தலைவி தன் தலைவனின் அழகுக்கு ஈடு எவரும் இல்லை என்று பெருமையாகச் சொல்வது. தனம்மாளைப் பாட நினைத்தவர் அவருக்கு ஆண்வேடம் போட்டுப் புகழ்ந்தார் என்று விளக்கம் சொல்லலாம். எனக்கு அந்த விளக்கத்தில் பெரிய பிடிப்பு இல்லை. கதை பொய் என்று சொல்லவில்லை. வாழ்க்கைக் குறிப்பு இல்லாத இடத்தில் கதை வந்து குடியேறுவது எங்கும் நடப்பதுதான்.

ஐரோப்பிய பரோக் இசையில் இதற்கு நல்ல இணை ஒன்று உண்டு. டொமெனிக்கோ ஸ்கார்லாட்டி 1685இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். பாக், ஹாண்டெல் இருவரும் பிறந்ததும் அதே ஆண்டில். போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு இசை ஆசிரியராக இருந்தார். 1729இல் அந்தப் பெண் ஸ்பெயின் இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது இவரும் கூடவே போனார். 1757இல் மாட்ரிட்டில் இறந்தார். ஹார்ப்சிகார்டுக்கு அவர் எழுதிய சொனாட்டாக்களை 1953இல் ரால்ஃப் கிர்க்பாட்ரிக் 555 என்று எண்ணிட்டார். அவற்றில் ஒன்றுகூட ஸ்கார்லாட்டியின் சொந்தக் கையெழுத்தில் இன்று இல்லை. அவரே முன்னின்று அச்சிட்டவை முப்பது மட்டுமே. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி பின்னாளில் அரசியான மரியா பார்பரா வாசிப்பதற்காக எடுக்கப்பட்ட பிரதிகளால் பிழைத்தது. அதில் 15 தொகுதிகள் இப்போது வெனிஸ் நூலகத்தில் உள்ளன. அவருடைய சூதாட்டக் கடனை அரசி அடைத்தார், அதற்குக் கைம்மாறாகத்தான் சொனாட்டாக்கள் எழுதி வைக்கப்பட்டன என்று அங்கேயும் ஒரு கதை நடமாடுகிறது.

வாழ்க்கையைத் தேடிப் போனால் இரண்டு பேரிடமும் கதைதான் கிடைக்கிறது. பாட்டு எப்படிப் பிழைத்தது என்று தேடிப் போனால் ஒரு பெண்ணின் இசை அறைக்கு வந்து சேர்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. மரியா பார்பராவிடம் சம்பளத்துக்கு எழுதும் பிரதியாளர்கள் இருந்தார்கள். தனம்மாள் வீட்டில் இருந்தவை குரலும் விரலும் மட்டுமே. சுப்பராயரைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைவிட, அவர் பாட்டு யாரிடம், எந்த வடிவில், எதையெல்லாம் தாண்டி வந்தது என்பதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஊர். அதியமானின் தகடூராகப் புறப்பாடல்களில் நிலைத்த இடம் இது. அகப்பாட்டுக்கு அந்த மண் பிந்திக் கொடுத்த ஆள் சுப்பராயர் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டில் பாரமகால் என்று அழைக்கப்பட்ட இப்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பினியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவர் கீழ் தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கேதான் நிலவரி வேலையைப் பழகினார்கள். பிறகு நெடுங்காலம் சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965 அக்டோபர் 2இல் தனி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் நிலம் இது. பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. தீர்த்தமலைக்கு அருணகிரிநாதரின் திருப்புகழ் இருக்கிறது. இசைக்கு அந்நியமான ஊர் என்று எண்ணுவது தஞ்சாவூர்க் கண்ணாடியின் கோளாறு.

மைசூரிலிருந்து சென்னைப் பக்கம் நகர்ந்த ஒரு பாட்டு வடிவத்தை இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஊரின் பெயரைத் தாங்கிய ஒருவர் மெருகேற்றினார் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். வழி தெரிந்த ஊருக்கு வரத்தும் தெரியும் என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

ஜாவளிக்கு மூத்தது பதம். தெலுங்குப் பதத்தின் பேராசான் க்ஷேத்ரய்யா 17ஆம் நூற்றாண்டில், விஜயராகவ நாயக்கர் தஞ்சையை ஆண்ட (1633–1673) நாட்களில் பாடியவர். ஐரோப்பாவில் பரோக் இசை முறுக்கேறி நின்ற அதே காலம். வெனிஸில் பார்பரா ஸ்ட்ரோஸி என்ற பெண், தானே எழுதித் தானே பாடிய காதல் பாட்டுகளை 1644 முதல் 1664 வரை எட்டுத் தொகுதிகளாகத் தன் பெயரிலேயே அச்சிட்டதும் அப்போதுதான். க்ஷேத்ரய்யாவின் பதத்தில் பேசுபவள் பெண், எழுதியவர் ஆண், பாடி ஆடியவள் மறுபடியும் பெண். ஜாவளி இந்த ஏற்பாட்டை அப்படியே வாங்கிக்கொண்டது. வேறு பலவற்றை மாற்றியது.

தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களில் மூத்தவரான சின்னையா (பிறப்பு 1802) மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் அவைக்குப் போனவர். ஜாவளியின் தொடக்கத்தை அவரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் தம்பி வடிவேலு சென்று சேர்ந்த திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரையும் சொல்வோர் உண்டு. முதல் ஜாவளி யாருடையது என்ற வழக்கு எனக்கு அத்தனை முக்கியமாகப் படவில்லை. நால்வர் வகுத்த ஆட்ட வரிசையில் அதற்கு ஓர் இடம் கிடைத்ததுதான் முக்கியம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று ஏறிவந்து, தில்லானாவுக்கு முன் ஜாவளி. பதத்தில் நின்று நிதானித்த உடம்பு தில்லானாவின் ஓட்டத்துக்குத் தயாராகும் இடம் அது. ஆகவே ஜாவளி மத்திம காலத்தில் நடக்கும். பேச்சுத் தெலுங்கில் இருக்கும். பல்லவி ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய வாக்கியமாக இருக்கும். கமாஸ், காபி, பெஹாக், செஞ்சுருட்டி போன்ற ராகங்கள் அதற்குத் தோதாயின.

1855இல் தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது. கலைஞர்கள் கும்பினிப் பட்டணத்தை நோக்கி நகர்ந்தார்கள். அரசவையின் இடத்தில் வணிகர், வக்கீல், உத்தியோகஸ்தர் வீட்டுக் கூடங்கள் வந்தன. அந்தக் கூடத்தின் பாட்டாக ஜாவளி வளர்ந்தது. அதில் நகரத்தின் வாடை வீசும். கரூர் சிவராமய்யா தெலுங்கோடு ஆங்கிலச் சொற்களையே கலந்து கமாஸில் ஒரு ஜாவளி கட்டினார் என்றால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பது விளங்கும். லக்னௌவின் தும்ரியோடு ஜாவளியை ஒப்பிடுவது வாடிக்கை. இரண்டும் காதல் பாட்டு, இரண்டையும் பாடியவர்கள் குலவழிக் கலைஞர்கள், இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் செழித்தவை. ஒப்பீடு அதோடு நின்றுவிட வேண்டும். தும்ரியில் சொற்கள் கொஞ்சம். பாடுபவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விரித்துக்கொண்டே போவார். ஜாவளியில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கட்டுக்கோப்பு உண்டு. கட்டியவரின் கை கடைசி வரை தெரியும்.

சுப்பராயரின் கையைப் பார்க்க ஐந்து பாட்டுகள் போதும். ‘பருலன்ன மாட’, காபி. ‘ஸ்மர சுந்தராங்குனி’, பரஸ். ‘சகி ப்ராண’, செஞ்சுருட்டி. ‘அதி நீபை’, யமுனா கல்யாணி. ‘வானி பொந்து’, கானடா.

இவற்றை நம் அக இலக்கணத்தின் ‘கூற்று’ என்ற கண்ணால் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. முதல் பாட்டில் தலைவி தலைவனிடமே பேசுகிறாள்: பிறர் சொல்வதை நம்பாதே என்கிறாள். இரண்டாவதில் தலைவனின் அழகைத் தோழியிடம் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். மூன்றாவதில் அதே தோழியிடம், உயிருக்குயிரானவன் இப்படிச் செய்துவிட்டானே என்று குறைப்படுகிறாள். நான்காவதில் தோழி தலைவனிடம் போய், அவள் உன்மேல் மையல் கொண்டுவிட்டாள் என்கிறாள். ஐந்தாவதில் அவன் உறவே போதும் என்று கதவு சாத்தப்படுகிறது. யாரிடம் யார் பேசுவது என்பது பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. ஐந்தையும் வரிசையாக்கி ஒரே பெண்ணின் கதையாக மேடையேற்றினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சுப்பராயர் அப்படி ஒரு மாலையாக இவற்றைக் கட்டவில்லை. ஒவ்வொன்றும் தனியே நிற்கும் ஒரு கணம்.

‘பருலன்ன மாட’ கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய பாட்டு. ஊர் அலர் தூற்றுவது சங்கப் பாட்டு முதல் நம் அகமரபின் அச்சாணி. அங்கே அலர் பெரும்பாலும் தலைவியை வருத்தும், திருமணத்தை விரைவுபடுத்தும். இங்கே அலர் தலைவனின் காதுக்குப் போயிருக்கிறது. அவன் நம்பிவிட்டான், அல்லது நம்பத் தொடங்கியிருக்கிறான். அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பு உண்மையா பொய்யா என்பதைப் பல்லவி சொல்வதில்லை. அழுதும் சொல்லலாம், கோபித்தும் சொல்லலாம், கன்னத்தைக் கிள்ளியும் சொல்லலாம், உள்ளூர நடுங்கிக்கொண்டே பொய்யாகவும் சொல்லலாம். அபிநயத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் முகம் வேறாக வேண்டும். எழுதும்போதே அதற்கு இடம் விட்டு எழுதுவதுதான் ஜாவளிக்காரரின் வித்தை. விரிவாக எல்லாவற்றையும் சொல்லிவிடும் கவிஞர் இந்த வடிவத்தில் தோற்றுப்போவார். சுப்பராயர் முழுவதும் சொல்லாமல் விடத் தெரிந்தவர்.

ராகத் தேர்வும் அப்படி. ஜாவளி என்றால் மெல்லிய ராகம் என்று ஒரு பேச்சு உண்டு. பரஸ், மாயாமாளவகௌளையின் பிள்ளை. சியாமா சாஸ்திரி ‘நீலாயதாட்சி’யைப் பாடியது அதில்தான், முத்துசுவாமி தீட்சிதர் நவகிரகக் கீர்த்தனையில் சுக்கிரனுக்கு வைத்ததும் அதுவே. சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் சேர்ந்து ஒரு கனத்தை, கொஞ்சம் ஏக்கத்தைத் தரும் ராகம். தலைவனின் அழகைச் சொல்லித் துள்ளும் பாட்டை யாரும் அதில் வைக்க யோசிப்பார்கள். இவர் வைத்தார். அதனால் பெருமிதத்துக்கு அடியில், இந்த அழகன் நமக்கு நிலைப்பானா என்ற ஒரு கலக்கம் ஓடிக்கொண்டிருக்கும். சொல்லில் இல்லாதது ஸ்வரத்தில் இருக்கிறது. கானடாவும் கனமான ராகம்தான். உறவை முறிக்கும் பாட்டை அதில் வைத்ததால் சண்டை மலிவாகவில்லை. மாறாக, செஞ்சுருட்டியில் குறைசொல்லும் பாட்டு தெருத் திண்ணையில் இரண்டு பெண்கள் பேசுவதுபோல எளிதாக இறங்கி வருகிறது. ராகத்தைத் தகுதி பார்த்து அல்ல, பேசுபவளின் மனம் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்.

இவ்வளவும் ஒருவர் கட்டியதா, பாடியவர்கள் சேர்த்ததா? சங்கதிகளைப் பொறுத்தவரை பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் சுப்பராயரின் வரலாறு தனம்மாள் வீட்டின் வரலாறாகவும் இருக்கிறது.

தனம்மாளின் பாட்டி காமாட்சி ஆடியவர். தாய் சுந்தரம்மாள் சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் கற்றவர். தனம்மாள் சாத்தனூர் பஞ்சு ஐயரிடம் தீட்சிதர் கீர்த்தனைகளையும், வீணை குப்பய்யரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யரிடம் வர்ணம் முதலியவற்றையும், கண்பார்வையற்ற பாலதாஸ் நாயுடுவிடம் பதங்களையும் பெற்றார். சென்னையில் அவர் வீட்டு வெள்ளிக்கிழமை மாலைகள் பேர்போனவை. பெரிய வித்துவான்கள் தரையில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் கேட்பார்களாம். பக்கவாத்தியம் கிடையாது. நகத்தால் மீட்டி, கூடவே தாழ்ந்த குரலில் பாடுவார். அந்தக் கூடத்தில் தீட்சிதரும் க்ஷேத்ரய்யாவும் சுப்பராயரும் ஒரே வரிசையில் வந்தார்கள். ஜாவளியைக் கடைசியில் தூவும் உப்பாக அவர் நினைக்கவில்லை. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பிற்காலம் போட்ட ‘கனம்’, ‘லேசு’ என்ற கோடு அந்த வீட்டில் இல்லை.

மகள்கள் ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி. காமாட்சியின் பெண்கள் பிருந்தா (1912–1996), முக்தா (1914–2007). ஜயம்மாளின் மகள் டி. பாலசரஸ்வதி (1918–1984), மகன்கள் மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விஸ்வநாதன். பிருந்தா காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும் பாடம் கேட்டவர். பாலசரஸ்வதிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த கந்தப்பப் பிள்ளை தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர். ஆடும்போது பின்னால் நின்று பாடியவர் தாய் ஜயம்மாள். நால்வரிடமிருந்து ஆட்டமும், தனம்மாளிடமிருந்து பாட்டும் ஒரே மேடையில் மறுபடி சேர்ந்தன. சுப்பராயரின் ஒரு பல்லவி இந்தக் குடும்பத்தில் வீணையிலும் குரலிலும் குழலிலும் முகத்திலும் நான்கு வகையாக வாழ்ந்தது. விஸ்வநாதனும் ரங்கநாதனும் அமெரிக்காவில் பாடம் சொல்லப் போனார்கள். கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாலசரஸ்வதியும் கற்பித்தார். தருமபுரியின் பெயரைத் தாங்கிய தெலுங்குப் பாட்டை அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மிடில்டவுனில் மாணவர்கள் பாடினார்கள். வீட்டுக்கு வெளியே ராம்நாட் கிருஷ்ணன், பிறகு அருணா சாய்ராம், சித்ரவீணை ரவிகிரண் என்று பிருந்தாவிடம் கற்றவர்கள் வழியாகவும் இந்தப் பாட்டு பரவியது.

இடையில் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் என்ற கணக்கு பதத்துக்குப் பொருந்தவில்லை, ஜாவளிக்குப் பொருந்திற்று. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மா போன்றவர்களின் குரல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தட்டில் ஏறியது. ரவேலின் மாணவரான பிரெஞ்சு இசைஞர் மொரீஸ் தெலாஜ் 1912இல் இந்தியா வந்தவர், தாயியின் குரலில் சொக்கிப்போய்த் தன் இசையில் அதைப் பின்பற்ற முயன்றார். அந்தக் குரலைச் சொந்த ஊரில் மேடையை விட்டு இறக்கும் வேலை அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

1893இல் சென்னை இந்து சமூகச் சீர்திருத்த சங்கத்தார் ஆளுநருக்கும் வைஸ்ராய்க்கும் மனுப் போட்டார்கள்: நாட்டியக் கச்சேரி நடக்கும் விருந்துகளுக்கு நீங்கள் போகக்கூடாது என்று. ஆட்சியாளர்கள் அந்த மனுவை ஏற்கவில்லை. ஆனால் படித்தவர்கள் வீட்டுக் கூடங்கள் மெல்ல மூடிக்கொண்டன. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை பிரதாபசிம்மன் அவையில் முத்துப்பழனி எழுதிய தெலுங்குக் காவியத்தை 1910இல் நாகரத்தினம்மா பதிப்பித்தார்; மறு ஆண்டே அரசு அதை ஆபாசம் என்று தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. அதே 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். பொட்டுக்கட்டும் வழக்கத்தால் பெண்கள் பட்ட கொடுமை உண்மை. முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டத்துக்கு அதில்தான் நியாயம். அந்த நியாயத்தின் நிழலில், அந்தப் பெண்களின் பாட்டையும் சேர்த்துக் கறை என்று சொன்ன அவசரம்தான் வேறு வழக்கு.

பாட்டு மட்டும் பிழைத்தது, சில நிபந்தனைகளோடு. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதெமி 1930களில் தன் மேடையில் நாட்டியத்துக்கு இடம் கொடுத்தது. பாலசரஸ்வதி அங்கே ஆடினார். கலாக்ஷேத்திராவை 1936இல் நிறுவிய ருக்மிணி தேவி சிருங்காரப் பதங்களையும் ஜாவளிகளையும் ஒதுக்கி, பக்தியை முன்னிறுத்தினார். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரிப் பத்ததியில் ஜாவளி, ராகம் தானம் பல்லவிக்குப் பிறகு வரும் துக்கடாக்களில் ஒன்றாயிற்று. சபாவில் பாதி நாற்காலிகள் காலியான நேரத்தில் பாடப்படும் பாட்டுக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஜாவளிக்கு வக்காலத்து வாங்கியவர்கள் கையில் எடுத்த வாதம் ஒன்று: தலைவி ஜீவாத்மா, தலைவன் பரமாத்மா. க்ஷேத்ரய்யாவின் பதத்தில் முவ்வ கோபாலன் தலைவனாக நிற்பதால் அங்கே இதைச் சொல்லலாம். சுப்பராயரின் பாட்டுக்கு அந்த முக்காடு தேவையில்லை. அவன் அழகன், அவன் ஏமாற்றினான், ஊர் பேசுகிறது, இனி வேண்டாம். மனிதர்களின் காதலைப் பற்றிய பாட்டு, மனிதர்களின் காதலைப் பற்றிய பாட்டாகவே நன்றாக இருக்கிறது. 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் பாலசரஸ்வதி, சிருங்காரத்தைக் கழுவி எடுத்தால் பரதத்தில் மிஞ்சுவது குறைவு என்ற திசையில் உறுதியாக வாதிட்டார். அவர் சிருங்காரத்தையே ஆன்மிகமாகக் கண்டவர். அந்த முடிவில் நான் அவரோடு முழுக்கப் போகமாட்டேன். ஆனால் வெட்கப்பட எதுவும் இல்லை என்ற அவர் தொடக்கம் அசைக்க முடியாதது.

அவர் அதைப் பேசியது தமிழிசைச் சங்கத்தில் என்பதால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. 1943இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் அந்தச் சங்கம் தொடங்கியபோது, தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு முதலில் வரவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதாகவே இருந்தது. அந்த அளவுகோலில் தருமபுரிக்காரரின் தெலுங்குப் பாட்டு நம்முடையதா? தமிழில் முத்துத் தாண்டவர், கனம் கிருஷ்ணையர், வைத்தீஸ்வரன்கோயில் சுப்பராமையர் ஆகியோரின் அருமையான பதங்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு ஜாவளியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லவில்லை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சந்தையில் மூன்று மொழியிலும் விலை பேசுவார்கள். அந்த மண்ணில் தெலுங்கை வெளியார் மொழி என்று யார் போய்ச் சொல்வது? சுப்பராயரை இரண்டு மொழிக்காரர்களும் தங்களவர் என்று சொல்லிக்கொள்ளாமல் விட்டதுதான் நடந்திருக்கிறது.

ஆய்வுகள் இப்போது கொஞ்சம் வழி திறந்திருக்கின்றன. பி. எம். சுந்தரத்தின் ‘மரபு தந்த மாணிக்கங்கள்’ (2003) குலவழிப் பெண் கலைஞர்களின் வரலாறுகளைத் தமிழில் தொகுத்துத் தந்தது. பாட்டுக் கட்டியவர்களைவிடப் பாடி ஆடியவர்களை முன்னால் வைத்த நூல் அது. லட்சுமி சுப்பிரமணியன் 2009இல் தனம்மாளைப் பற்றி எழுதிய நூல், அவரைச் சுற்றிப் புகழ் எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டது. டக்ளஸ் நைட் 2010இல் பாலசரஸ்வதியின் வாழ்க்கையை எழுதினார். குடும்பத்துக்கு உள்ளிருந்து எழுதியதால் பலமும் உண்டு, சார்பும் உண்டு. டேவேஷ் சோனேஜி 2012இல் வெளியிட்ட நூல் ஜாவளியைக் காலனிய நகரக் கூடத்தின் கலையாகப் பார்த்தது. மலிவு அச்சுப் புத்தகங்கள் வரை தேடிப் போனது. இந்த ஆய்வாளர்கள் நால்வரும் பாடியவர்களிடமிருந்து தொடங்குவது சரி என்றே நினைக்கிறேன். விடுபட்டுப்போனது பாட்டின் கட்டுமானம். சமூக வரலாறு எழுதுபவர்களுக்கு ஸ்வரத்தில் அக்கறை குறைவு; ஸ்வரம் தெரிந்தவர்களுக்கு ஜாவளி இன்னும் துக்கடா.

செய்யவேண்டிய வேலை சிக்கலானது அல்ல. பிருந்தாவின் 1960ஆம் ஆண்டுப் பதிப்பு கையில் இருக்கிறது. பிருந்தா, முக்தா சகோதரிகளும் பாலசரஸ்வதியும் விஸ்வநாதனும் பாடிய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. அச்சில் உள்ள ஸ்வரம் எலும்பு. பதிவில் உள்ள சங்கதி சதை. ஒரே வீட்டில் ஒரே பாட்டு குரலுக்குக் குரல் எங்கே மாறுகிறது, எங்கே ஒருவரும் மாற்றத் துணியவில்லை என்று வரி வரியாக ஒட்டிப் பார்க்கலாம். யாரும் தொடாமல் விட்ட இடங்களில் சுப்பராயரின் கை இருக்க வாய்ப்பு அதிகம். நாட்டியத்துக்குப் பாடிய பதிவையும் கச்சேரிக்குப் பாடிய பதிவையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். காலப்பிரமாணம் இரண்டிலும் ஒன்றல்ல. எந்தப் பாட்டில் தொடங்குவது என்று என்னைக் கேட்டால் ‘பருலன்ன மாட’ என்பேன்.